தழும்பில்லாத மட்கார்டு

அத்தியாயம் ஒன்பது

சக்கரபாணிக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும், அப்புறம் பேச்சு நின்றுபோகும். பே கோபுரத் தெரு முனையில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியபோது இரண்டுமே நடந்து முடிந்திருந்தன.

"சார், மூஞ்சிய கொஞ்சம் மாத்துங்க" என்றான் வேடியப்பன். "நாம கார் வாங்க வந்திருக்கோம். நீங்க யாரையோ கடிக்க வந்தா மாதிரி இருக்கீங்க."

"கடிக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்போ மொதல்ல காபி குடிச்சிடலாம் சார். வெறும் வயித்துல கடிச்சா ஒத்துக்காது."

வேடியப்பன் குள்ளம். உயரத்தில் ஆண்டவன் குறைத்ததையெல்லாம் நாக்கில் சேர்த்துக் கொடுத்திருந்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களைப் பார்வையிடும் சர்வேயராக இருந்த சக்கரபாணி, அந்த வேலையை உதறிவிட்டுச் சின்னக்கடைத் தெருவில் துப்பறியும் அலுவலகம் திறந்த நாள்முதல் இவன்தான் உதவியாளன். துப்பறிவதற்குச் சம்பளம், துப்புக்கெட்டுப் பேசுவது இலவசம் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான்.

காலையில் சப்-ஜெயில் வாசலில் பார்த்த காட்சி சக்கரபாணியின் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. டாக்ஸி டிரைவர் அர்ஜுனனின் மனைவி சந்திரம்மாள் தூக்குவாளியோடு வெயிலில் நின்றிருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். கொண்டுவந்த சோற்றை உள்ளே விடவில்லை.

"வண்டியில பள்ளம் இருந்தது நெசம்தாங்க. மார்கழியில புளியமரத்துல வுட்டுட்டாரு. அதுக்காங்க கொலகாரன்னு சொல்லி உள்ள வெச்சிருக்காங்க?"

அவ்வளவுதான் வழக்கு. தை மாதத்துப் பனியில், விடியும் நேரத்தில், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு கார், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பால்காரர் ராமனைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆசிரமத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா அந்த வண்டியின் முதுகை மட்டும் பார்த்தாள். க்ரீம் கலர் அம்பாஸடர். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ராமன் பிழைத்திருப்பார் என்று டாக்டரே சொன்னார். அந்த அம்மா ஒருத்தியால் தூக்க முடியவில்லை, வேறு ஆளில்லை.

இன்ஸ்பெக்டர் ஊரிலிருந்த க்ரீம் கலர் அம்பாஸடர்களை வரிசையாகப் பார்த்தார். ஒன்றில்தான் முன்பக்கம் நசுங்கியிருந்தது. அது அர்ஜுனனின் டாக்ஸி. அவனைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்.

"ராமன் ரோட்டோட இடது ஓரத்துல போயிருக்கான். இடிச்ச வண்டிக்கு இடது பக்கம்தான் அடி விழும். அர்ஜுனன் வண்டியில அடி வலது பக்கம் சார்" என்று சக்கரபாணி எடுத்துச் சொன்னதற்கு, "நீங்க கதை எழுதலாம் சார்" என்று சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார்.

அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவருக்குத்தான் கார் புரோக்கர் தருமன் வழியாக ஒரு சேதி கிடைத்தது. வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி கோதண்டராமன் தன் க்ரீம் கலர் அம்பாஸடரை விற்கப்போகிறார். போன தீபாவளிக்கு விலை கேட்டு வந்தவர்களை, "இது என் வூட்டு மகாலட்சுமி" என்று விரட்டியடித்த மனுஷன், இப்போது யார் வந்தாலும் சரி, சீக்கிரம் வந்தால் போதும் என்கிறாராம்.

"மகாலட்சுமிய எதுக்கு சார் அவசரமா வெளியில அனுப்பறாரு?" என்றான் வேடியப்பன்.

"அதைத்தான் விலை பேசப் போறோம்."

கோதண்டராமனின் வீட்டுப் பக்கவாட்டில் ஓட்டுக் கொட்டகை. அதன் நிழலில் கார் நின்றிருந்தது. குட்டையான, பருத்த உடம்பு கோதண்டராமனுக்கு. நெற்றி நிறைய விபூதி, கையில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க. வேலூர்ல இருந்து வர்றீங்களாமே, தருமன் சொன்னான். வண்டி எழுபதுல எடுத்தது. ஒரே கை. அதோ நிக்குது பாருங்க, அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாம்."

சக்கரபாணி காரைச் சுற்றி வந்தார். பின் பம்பர் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கதவில் நீளமாக ஒரு கீறல். டிக்கி ஓரத்தில் துரு பூத்திருந்தது. பதின்மூன்று வருடக் குடும்ப வண்டி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

முன்பக்கம் வந்தார். இடது மட்கார்டு அருகே கால் தானாக நின்றது.

அதில் ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளித் துரு இல்லை. கிழவியின் முகத்தில் ஒரு கன்னம் மட்டும் குமரியாக இருந்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது.

சக்கரபாணியின் காது மடல் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

"ஐயாதான் ஓட்டறதா?" என்று கேட்டான் வேடியப்பன்.

"எங்கப்பா! கண்ணு மங்கிப்போச்சு. நான் ஸ்டியரிங்க தொட்டே ரெண்டு வருஷம் ஆவுது. எல்லாம் பையன்தான்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் சக்கரபாணி மெதுவாக. "ஆனா என் வூட்டுல பொம்பளைங்க அழுக்கு வண்டியில ஏற மாட்டாங்க. கொஞ்சம் டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடிச்சுக் குடுத்தீங்கன்னா நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன்."

கோதண்டராமன் கையை வேகமாக ஆட்டினார். "அதெல்லாம் எதுக்குங்க? இருக்கிறபடியே எடுத்துக்குங்க, விலைய நானே கம்மி பண்ணிக்கறேன்."

வேடியப்பன் சக்கரபாணியின் காதருகே எம்பினான். "சார், மண்டியில ஒரு மல்லாட்டை கீழ வுழுந்தா பொறுக்கி மூட்டையில போடற மனுஷன். கேக்காமயே விலைய கொறைக்கறாரு. மழை வரப்போவுது."

அப்போதுதான் புல்லட் ஒன்று உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. இறங்கியவன் மூர்த்தி, ஒரே மகன். பனைமரத்தில் பாதி உயரம். காலேஜ் முடித்துவிட்டு அப்பாவோடு மண்டியில் உட்காருகிறவன்.

விஷயம் தெரிந்ததும் அவன் துள்ளினான். "அதைத்தான் சார் நானும் தலை தலையா அடிச்சுக்கறேன்! மொதல்ல சீட்டு. முன் சீட்டு முன்னாடி போய் ரெயில் துருப்பிடிச்சு நின்னுபோச்சு, அசைய மாட்டேங்குது. அப்புறம் வண்டி முழுக்க சுரண்டிப் புதுசா பெயிண்ட். பளபளன்னு ஆயிடும். கேட்டா நைனா கத்தறாரு."

"டேய், உன் வேலைய பாரு!" கைத்தடி தரையில் இடித்தது.

வாசற்படியில் ரேணுகாம்பாள் வந்து நின்றிருந்தாள். கோதண்டராமனின் மனைவி. தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

"நீங்க இன்னாம்மா சொல்றீங்க? பெயிண்ட் அடிக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார் சக்கரபாணி.

அவள் காரைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "இன்னும் எதையும் மூட வேணாங்க."

அந்த 'இன்னும்' சக்கரபாணியின் மனத்தில் முள்ளாகக் குத்தி நின்றது.

"ஜோதி! காபி எடுத்தாம்மா" என்று கோதண்டராமன் பேச்சை மாற்றினார்.

தட்டோடு வெளியே வந்தவளைச் சக்கரபாணிக்கு ஏற்கெனவே தெரியும். ஜோதியம்மாள். செத்துப்போன பால்காரர் ராமனின் மனைவி. செங்கம் ரோட்டு ஓரத்துக் குடிசையில் அவளைப் போய்ப் பார்த்து, விபத்தைப் பற்றி அவர் விசாரித்து வந்து வெகுநாள் ஆகவில்லை. அவளும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். தட்டிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. சக்கரபாணி தலையை லேசாக அசைத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"பாவங்க இந்தப் பொண்ணு" என்றார் கோதண்டராமன், காபியை ஆற்றியபடி. "புருஷன் ஆக்ஸிடென்ட்ல பூட்டான். யாருமில்ல. நான்தான் கூப்பிட்டு சமையல் கட்டுல வேலை போட்டுக் குடுத்தேன். ஏதோ நம்மால ஆன புண்ணியம்."

"ஐயா தெய்வம் மாதிரிங்க" என்றாள் ஜோதியம்மாள்.

சக்கரபாணி காபி டம்ளரைக் கார் பானெட்டின் மேல் வைத்தார். அந்த இடத்திலேயே அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டன. சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கால்களை மடக்கி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சரிங்க. முழு பெயிண்ட் வேணாம். பின் பம்பர நிமித்திக் குடுங்க."

"ஆகட்டும்."

"வலது கதவு?"

"செஞ்சுடலாம்."

"டிக்கி?"

"அதுவும் ஆகட்டும். வேற?"

"முன்னால இடது மட்கார்டு. அதை மட்டும் நல்லா சுரண்டிட்டு..."

"அதுக்கு இன்னா கேடு?" கோதண்டராமனின் குரல் கொட்டகை ஓட்டில் மோதித் திரும்பியது. "கண்ணாடி மாதிரி இருக்குது! அதை எதுக்குத் தொடணும்?"

"அதாங்க எனக்கும் புரியல" என்றான் வேடியப்பன். "ஊரெல்லாம் உதை வாங்கின வண்டியில இவரு மட்டும் எப்படி தப்பிச்சாருன்னு."

சட்டைப் பையிலிருந்து அவன் ஒரு காந்தத்தை எடுத்தான். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றியது. வலது கதவில் வைத்தான். டக்கென்று கவ்வியது. பானெட்டில் வைத்தான். கவ்வியது. இடது மட்கார்டில் வைத்தான்.

காந்தம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

மறுபடி எடுத்து வைத்தான். மறுபடி விழுந்தது.

"சார், இது இரும்பு இல்ல. மேல பெயிண்ட், உள்ள பூரா பட்டி. பள்ளத்த நிமித்தவே இல்ல, மாவு அப்பி மூடியிருக்காங்க. நம்ம ஊர் ஆளு இவ்ளோ அவசரமா செய்ய மாட்டான். வெளியூர்ல பண்ணியிருக்கு."

"யார்ரா நீங்க? எட்றா கைய!"

கோதண்டராமன் கைத்தடியை ஓங்கினார். வேடியப்பனின் உயரம் முதன்முதலாக அவனுக்கு உதவியது. அவன் குனிந்தான். வெள்ளிப்பூண் போட்ட தடி மட்கார்டின் மேல் சப்பென்று இறங்கியது.

பட்டி ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்து தூள் தூளானது.

உள்ளே இரும்பு நசுங்கிக் கிடந்தது. நடுவில் வட்டமாக, ஆழமாக ஒரு பள்ளம்.

ஜோதியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பள்ளத்தில் கையை வைத்தாள். விளிம்போடு விரலை ஓட்டினாள்.

"இது பால் கேனோட அடி" என்றாள். "கேரியர்ல கட்டியிருந்த கேனு. நான்தான் தெனமும் வெளக்குவேன்."

"ஆமாம்மா" என்றார் சக்கரபாணி. "நசுங்கின அந்தக் கேனைத்தான் உங்க வூட்டுல இருந்து வாங்கிட்டுப் போனேன். அதுல க்ரீம் பெயிண்ட் ஒட்டியிருக்கு." கோதண்டராமனிடம் திரும்பினார். "நான் வேலூரும் இல்ல, கார் வாங்கவும் வரல. துப்பறியும் சக்கரபாணி. பள்ளம் இருந்த பாவத்துக்கு ஒருத்தன் ஜெயில்ல கெடக்கறான். பள்ளத்த மூடின நீங்க புண்ணியம் பத்திப் பேசறீங்க. யாரு ஓட்டினது?"

கோதண்டராமனின் முகத்தில் வேர்வை விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. கண்கள் இங்குமங்கும் ஓடின. கடைசியில் ஒரு இடத்தில் நின்றன.

"பையன்" என்றார். "பையன்தாங்க. சின்ன வயசு, பயந்துட்டான். பெத்தவன் நான் இன்னா பண்ணுவேன், மூடி மறைச்சேன். வெளியில சொல்லிடாதீங்க."

மூர்த்தி சிரிப்பதற்குத்தான் வாயைத் திறந்தான். அப்பா விளையாடவில்லை என்று புரிந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"நைனா?"

"ஒத்துக்கடா. ஒத்துக்கினா தண்டனை கம்மி ஆவும். நான் பெரிய வக்கீலா வெக்கறேன்."

"நைனா, நானா?"

சக்கரபாணிக்கும் ஒரு கணம் சந்தேகம் மூர்த்தியின் பக்கம்தான் இருந்தது. இளைஞன், புல்லட், உறுமல். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் முழங்கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"மூர்த்தி, இந்த வண்டியில ஏறி உட்காருங்க."

அவன் ஏறினான். ஏறினான் என்பதைவிடச் செருகிக்கொண்டான் என்று சொல்லலாம். முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு மேலே வந்து நின்றன.

"கிளட்ச மிதிங்க."

காலைத் தூக்கவே முடியவில்லை.

"சீட்டு எப்போ இருந்து இப்படி?"

"போன ஆடியில இருந்து சார். அப்பவே ரிப்பேர் பண்ணச் சொன்னேன். 'எனக்கு சரியா இருக்கு, உனக்கு எதுக்கு, நீதான் புல்லட் வெச்சிருக்கியே'ன்னாரு." மூர்த்தி அப்பாவின் பக்கம் திரும்பினான். "எனக்கு சரியா இருக்குன்னு நீங்கதான நைனா சொன்னீங்க!"

"ஆடியில இருந்து இந்த வண்டிய ஓட்டக்கூடிய கால் இந்த வூட்டுல ஒரே ஆளுக்குத்தான் இருக்கு" என்றார் சக்கரபாணி. "ஸ்டியரிங்க தொட்டே ரெண்டு வருஷம் ஆவுதுன்னு சொன்ன ஆளுக்கு."

வேடியப்பன் இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னான். "கார விக்கறேன்னு கூப்பிட்டு வெச்சு, பெத்த புள்ளைய வித்துட்டீங்களே ஐயா."

"பொய்! எல்லாம் பொய்! யாரு பார்த்தது?"

"நான் பார்த்தேன்." ரேணுகாம்பாள் படியிறங்கி வந்தாள். "அன்னிக்கு விடியல்ல தனியா வண்டிய எடுத்துக்கினு போனது நீங்க. திரும்பி வந்து கொட்டகைய சாத்தினது நீங்க. நசுங்கினதுக்கு மேல படுதா போட்டது நீங்க. என் புள்ள உள்ள தூங்கினு இருந்தான். இத்தினி நாளா வாய மூடினு இருந்தேன். என் புள்ளைய சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"அம்மா."

கூப்பிட்டது ஜோதியம்மாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் ரேணுகாம்பாள் அடி வாங்கியவள் மாதிரித் திரும்பினாள்.

"உங்க புள்ளைய சொன்னதும் வாய் தொறந்துச்சே அம்மா. என் வூட்டுக்காரரு ரோட்டுல கெடந்தப்போ ஏன் தொறக்கல?"

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனமும் நான்தான உங்களுக்குச் சோறு போட்டேன்? நான் போட்ட சோத்த எப்படிம்மா சாப்பிட்டீங்க?"

கோதண்டராமன் ஓரடி முன்னால் வந்தார். "ஜோதி, கேளும்மா. உனக்கு வூடு கட்டித் தர்றேன். ஆயுசுக்கும்..."

"கிட்ட வராத!"

ஐயா என்றவள், தெய்வம் என்றவள், முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினாள். கொட்டகையே அதிர்ந்தது. "மோதினது தெரியாத்தனம்னு வெச்சுக்கலாம். எறங்கி ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாமே! பால்காரன்தானேன்னு வுட்டுட்டுப் போயி, அப்புறம் பொண்டாட்டிய கூட்டியாந்து பாத்திரம் தேய்க்க வுட்டியா? எதுக்கு? நான் வாயத் தொறந்து கேள்வி கேக்கறேனா இல்லையான்னு பாத்துக்கினே இருக்கறதுக்கா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு கோதண்டராமனின் கைத்தடி தானாகவே நழுவி விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வண்டிச் சாவி" என்று கையை நீட்டினார் சக்கரபாணி. கொடுத்தது மூர்த்தி. "வேடியப்பா, எனக்குக் கால் நுழையாது. நீ ஓட்டு. இவரு என்கூட பின்னால உட்காருவாரு. வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது. மட்கார்ட இப்படியே இன்ஸ்பெக்டர் பார்க்கட்டும். இந்தத் தடவை எந்தப் பக்கம்னு அவருக்கே தெரியும்."

வேடியப்பன் சீட்டில் ஏறினான். சீட்டு அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"ஜோதியம்மா, முன்னால ஏறிக்குங்க" என்றார் சக்கரபாணி.

"நான் அதுல ஏற மாட்டேன். அதுக்கு முன்னாடி நடக்கறேன்" என்றாள் அவள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப இடிக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

மூர்த்தி போய் இரும்புக் கேட்டின் இரண்டு கதவையும் முழுதாகத் திறந்துவிட்டான். கார் தன்னைக் கடந்து போகும்போது அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

பே கோபுரத் தெருவில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஜோதியம்மாள் நடந்தாள். பின்னால், நசுங்கிய மட்கார்டைக் காட்டிக்கொண்டு, முதல் கியரில் கார் ஊர்ந்தது. கடைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். மண்டி முதலாளியைப் பார்த்துக் கும்பிடத் தூக்கிய சில கைகள் பாதியில் நின்றன.

"கண்ணாடிய ஏத்துப்பா" என்றார் கோதண்டராமன், முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு.

வேடியப்பன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். "ஏறாதுங்க. விக்கறதுக்கு முன்னாடி இத ரிப்பேர் பண்ணியிருக்கலாம்."

சக்கரபாணி சிரிக்கவில்லை. அவர் முன் கண்ணாடி வழியாக, காருக்கு முன்னால் நடக்கும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வெற்றிலைக் கடை வாசலில் ஒருத்தி கேட்டாள். "இன்னாடி ஜோதி, காருக்கு முன்னாடி நடந்து போறே?"

"என் வூட்டுக்காரர இடிச்ச வண்டி" என்றாள் ஜோதியம்மாள். "ஸ்டேஷனுக்கு இட்டுனு போறேன்."

அடுத்த கடையில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள். அதற்கடுத்த கடையிலும் சொன்னாள். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.